கேரியரைப் பிடித்த கை



மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று கூட்டமைப்பு அலுவலகத்தில் கேட்டார்கள். "தலைப்பு என்ன?" என்றேன். "அன்றாட வாழ்க்கையில் நம்பிக்கையான மனப்பான்மையை வளர்த்துக்கொள்வது" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சிக்குப் போகிற இடத்திலெல்லாம் சுவரில் சார்ட்டில் எழுதி ஒட்டியிருப்பது இதுதானே! பாசிட்டிவா இருங்க என்று பயிற்சி கொடுப்பவர் சொல்வார். நாமும் கை தட்டுவோம், டீ குடிப்போம், பஸ் பிடித்து வீட்டுக்கு வருவோம். வந்து பார்த்தால் விறகு ஈரமாகக் கிடக்கும், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், வாரக்கடன்காரர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். சார்ட்டில் இருந்தது எங்கே போனதென்றே தெரியாது.

அதனால் நான் உபதேசம் எழுதவில்லை. நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் நம்பிக்கையை எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்ற சரித்திரத்தை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். அதில் கொஞ்சம் நான் கண்ணால் பார்த்தது. நான் செய்த ஒரு தப்பும் அதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நம்ம ஊர் டாக்டரம்மா

மகப்பேறு உதவிப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை நாம் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். அந்த அம்மா யார் என்று நம்மில் பல பேருக்குத் தெரியாது. அவர் நம்ம புதுக்கோட்டையில்தான் 1886ஆம் வருஷம் ஜூலை 30ஆம் தேதி பிறந்தார். அம்மா சந்திரம்மாள், தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண் பிள்ளையை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

1904இல் அவர் மன்னர் கல்லூரியில் சேரப் போனபோது அங்கே அத்தனை பேரும் ஆண் பிள்ளைகள். ஒரு பெண்ணைச் சேர்த்தால் மற்றவர்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. மகாராஜா அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டராக வெளியே வந்தார். 1927இல் சென்னை சட்டசபைக்குத் துணைத் தலைவரானார். கோயிலுக்குப் பெண் பிள்ளைகளைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அதற்கான முழுச் சட்டம் 1947இல்தான் வந்தது. கூடப் பிறந்த தங்கை புற்றுநோயில் இறந்துபோன துக்கம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. பல வருஷம் பணத்துக்கு அலைந்து 1954இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 67.

இந்த வருஷங்களை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். சட்டசபைக்குப் போனதற்கும் அந்தச் சட்டம் வந்ததற்கும் நடுவே இருபது வருஷம் கிடக்கிறது. அந்த இருபது வருஷமும் அவர் சிரித்துக்கொண்டே இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கோபமும் அழுகையும் வந்திருக்கும். அதோடு சேர்த்து, மறுநாள் செய்ய வேண்டிய வேலையையும் எடுத்து வைத்திருப்பார். நம்பிக்கையான மனசு என்றால் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொள்வது என்று நாம் நினைக்கிறோம். அது இல்லை என்பதுதான் டாக்டரம்மாவிடம் நான் படித்த முதல் பாடம்.

அறிவொளி வந்த வருஷம்

இப்போது நான் பார்த்த கதைக்கு வருகிறேன்.

என் அம்மா கல் உடைத்தவர். காலையில் கஞ்சித் தூக்கோடு போனால் பொழுது சாயத்தான் வருவார். உடைத்த கல்லுக்கு எத்தனை யூனிட் கணக்கு, எவ்வளவு கூலி, வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் மேஸ்திரி நோட்டில் இருக்கும். அம்மாவுக்கு அந்த நோட்டில் உள்ளது அவருடைய கைநாட்டு ஒன்றுதான். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன்.

1991இல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றிருந்தது. அதைப் பார்த்து நாடு முழுக்க இப்படி இயக்கங்கள் எழுந்தன. நாட்டில் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1991 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 39 பேர்தான். இங்கே அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துத் தோழர்கள், வாத்தியார்கள், கலைக்குழுக்காரர்கள், படித்த பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் உழைத்தார்கள். எட்டாவது படித்த என்னையும் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். "எனக்கே ஒழுங்காத் தெரியாதே" என்றேன். "உனக்குத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லிக்குடு தாயி, போதும்" என்றார் எங்கள் ஊர் வாத்தியார்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல், சோறாக்கிப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, கோயில் வாசலில் அரிக்கேன் விளக்கு வைத்து உட்காருவோம். நான் முதலில் சொல்லிக்கொடுத்ததாக நினைவில் இருக்கும் சொல் 'பட்டா'. அணில், ஆடு என்று தொடங்கியிருந்தால் அந்த அம்மாக்கள் எழுந்து போயிருப்பார்கள். பட்டா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காடு யார் பேரில் இருக்கு, ஏன் நம்ம பேரில் இல்லை என்று பேச்சு போனது. பேச்சு முடிந்தபோது எழுத்தும் வந்திருந்தது.

என் அம்மா கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பார். மகளிடம் படிக்க வெட்கம். "கல்லப் புடிச்ச கை, பல்பம் புடிக்க வரல" என்பார். மூன்று மாசம் ஆனது. ஒரு நாள் சிலேட்டைத் தலைகீழாக நீட்டினார். தன் பேரை எழுதியிருந்தார். நடுவில் ஒரு எழுத்தைக் காணோம். ஆனாலும் படிக்க முடிந்தது. மறுநாள் குவாரிக்குப் போனவர், "நோட்டக் குடுங்க, நான் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்று கேட்டாராம். மேஸ்திரி கொடுக்கவில்லை. அம்மா கைநாட்டு வைக்காமல் அன்று முழுக்க நின்றிருக்கிறார். கூட இருந்த நாலு பேரும் நின்றார்கள். சாயங்காலம் நோட்டு வந்தது.

அம்மாவுக்கு முதலில் தைரியம் வந்து, அதற்குப் பிறகு எழுத்து வந்தது என்று சொல்ல மாட்டேன். எழுத்து கொஞ்சம் வந்தது, அதனால் தைரியம் கொஞ்சம் வந்தது. பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள், அதனால் மீதித் தைரியம் வந்தது.

சைக்கிள்

அறிவொளியோடு சேர்ந்து வந்ததுதான் சைக்கிள். ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் பஸ்ஸை நம்பி இருக்க முடியாது. அண்ணனையோ புருஷனையோ கொண்டுபோய் விடச் சொன்னால் அவர்களுக்கு நேரம் இருக்காது. அதனால் பெண்களே சைக்கிள் கற்றுக்கொள்ளட்டும் என்று இயக்கம் முடிவு செய்தது. கற்றுக்கொண்டவர்கள் சைக்கிள் வாங்குவதற்குக் கடனும் ஏற்பாடானது. சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லியே ஒரு பாட்டுக் கட்டி ஊரெல்லாம் பாடினார்கள்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுக்கிறார்கள், ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் வயசுக்கு வந்த பெண் சைக்கிளில் ஏறினால், அவள் மானம் ஏறி இறங்கியது மாதிரி பேசுவார்கள். "பொட்டச்சி பெடல மிதிச்சா ஊரு வெளங்குமா" என்று டீக்கடையில் கேட்டவர்களில் என் சொந்தச் சித்தப்பாவும் ஒருத்தர்.

நான் பழகியது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில். வாடகைச் சைக்கிள், அதுவும் பார் வைத்த ஆம்பளச் சைக்கிள். சேலையை வரிந்து சொருகிக்கொண்டு ஏறினேன். பக்கத்து வீட்டு மதினி ஒருத்தர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். முதல் நாள் கருவேலஞ் செடிக்குள் போய் விழுந்தேன். இரண்டாம் நாள் சேலை செயினில் மாட்டிக் கிழிந்தது. அழுதுகொண்டே, "எனக்கு வராது மதினி" என்றேன். அந்த மதினி, "வரும் வரும், மனசத் தளரவிடாத" என்றெல்லாம் சொல்லவே இல்லை. முள்ளைப் பிடுங்கினார். முழங்கையில் காப்பித்தூளை அப்பினார். "கீழ பாக்காத, தூரத்துல அந்தப் புளியமரத்தப் பாரு. நான் புடிச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, புளியமரத்துக்கிட்டப் போய்த் திரும்பிப் பார்த்தால் மதினி பொட்டல் நடுவில் நின்று சிரிக்கிறார். எப்போது கையை எடுத்தார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

1992 மார்ச் 8, மகளிர் தினம். ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு, 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனோம். வழியில் கடை வைத்திருந்தவர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள். என் சித்தப்பாவும் எங்கேயோ நின்று பார்த்திருக்கிறார். அடுத்த மாசம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதுக்கும் பழகிக்குடு" என்று விட்டுவிட்டுப் போனார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கதையைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நாட்டுக்கே எழுதிச் சொன்னார். நம்ம மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்கள் வரைக்கும் சைக்கிள் பழகினார்கள் என்று எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காமல் போனது. பல பேர் ஆம்பளச் சைக்கிளே மேல் என்றார்கள், ஏனென்றால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். கேரியரில் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தண்ணீர் எடுத்தார்கள். பூக்காரம்மா நாலு ஊருக்குப் போய் விற்றார். சைக்கிளால் வருமானம் கூடியதும் உண்மை. அதைவிட, பஸ்ஸுக்காகவும் அடுத்தவர் தயவுக்காகவும் காத்துக் கிடந்த நேரம் கையில் வந்ததுதான் பெரிய லாபம்.

அதே காலத்தில்தான் கல்குவாரிக் குத்தகைகளைப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கும் வேலையும் நடந்தது. சுமார் 170 குவாரிகள், 4000க்கும் மேற்பட்ட பெண்கள். கூலிக்குக் கல் உடைத்தவர்களே குத்தகைதாரர்கள் ஆனார்கள். சும்மா நடந்துவிடவில்லை. பழைய ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பும் நெருக்கடியும் இருந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் ஒரு தடவை தன் கணக்கைத் தானே பார்த்த பெண், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு கைநாட்டு வைக்க மாட்டாள்.

குழு வந்தது

மகளிர் குழுக்களின் கதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பன்னாட்டு வேளாண்மை நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் குழுக்களைத் தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையை நாடு அளவில் ஆரம்பித்தது. 1997-98இல் மகளிர் திட்டம் வந்தது. அதன் பிறகுதான் எங்கள் ஊரிலும் குழு வந்தது. பதினாறு பேர் சேர்ந்தோம். அந்தப் பதினாறில் ஒன்பது பேர் அறிவொளியில் கையெழுத்துப் போடப் படித்தவர்கள். தீர்மான நோட்டில் அவர்கள் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோயில் வாசல் அரிக்கேன் விளக்குதான் நினைவுக்கு வரும்.

நான் செய்த தப்பு

இனி அந்தத் தப்பைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பெயரும் ஊரும் எழுத மாட்டேன். அந்தத் தங்கச்சி இதைப் படித்துப் பார்த்து, எழுதுங்கக்கா என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

நல்லா வந்துகொண்டிருந்த உறுப்பினர். வளர்த்த ஆடுகள் நோயில் செத்தன. முகம் வாடி, கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அப்போதுதான் ஒரு பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தேன். பதினாறு பேருக்கு முன்னால் அவளைப் பார்த்து, "நல்லதையே நினைச்சா நல்லதே நடக்கும்மா. பாசிட்டிவா இரு. மூஞ்சியத் தொங்கப் போட்டா லட்சுமி வீட்டுக்கு வருவாளா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு மூன்று கூட்டத்துக்கு வரவில்லை.

மூன்றாவது கூட்டம் முடிந்த ராத்திரி அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் விளக்குப் போடவில்லை. கடன்காரர் வந்தால் ஆள் இல்லை என்று நினைக்கட்டும் என்று இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "ஏத்தா கூட்டத்துக்கு வரல?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அக்கா, என் மனசு சரியாத்தான் இருக்கு. கணக்குதான் சரியில்ல."

எனக்குச் சுருக்கென்றது. கருவேல முள்ளில் கிடந்தவளிடம் கேரியரைப் பிடிக்காமல் தூர நின்று, "தைரியமா ஓட்டு" என்று கத்தியிருக்கிறேன்.

மறுநாள் குழுவில் மூன்று பேர் அவள் வீட்டுக்குப் போய் ஒரு நாப்பது பக்க நோட்டில் எழுதினோம். மூன்று தனியார் கம்பெனி வாரக்கடன். ஒன்றுக்கு 850 ரூபாய், ஒன்றுக்கு 720, ஒன்றுக்கு 640. ஆக வாரத்துக்கு 2210. புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்த்து வாரம் 3200. வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 1300. வாரா வாரம் 910 ரூபாய் துண்டு விழுகிறது. அதை அடைக்க அடுத்த கடன் வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் மனசைச் சரி செய்து என்ன ஆகும்?

கடைசி இரண்டு கடனிலும் பாக்கி முறையே 9000, 7000. மொத்தம் 16,000. குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு அந்தத் தொகையை உள்கடனாகக் கொடுத்து இரண்டையும் முடித்தோம். 20 மாசத் தவணை, மாசம் 800 அசலும் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியும். வாரக் கணக்கில் பார்த்தால் முதல் கடன் 850, குழுவுக்குச் சுமார் 240, ஆக 1090. கையில் 200 ரூபாய்போல மிஞ்சியது. நோட்டை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு அவள் எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டாள்.

எல்லாம் வழுவழுவென்று போகவில்லை. நடுவில் பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல், இரண்டு மாசம் கட்ட முடியவில்லை. குழுவில் ஒருத்தர் முணுமுணுத்தார். 20 மாசம் 22 மாசமானது. ஆனாலும் முடித்தாள். இப்போது புதுசாகச் சேரும் பெண்களுக்கு அந்த நாப்பது பக்க நோட்டைக் காட்டிக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுப்பது அவள்தான்.

கடைசியாக

என் அம்மா இன்றைக்கு இல்லை. அந்த மதினி இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார், கண் மங்கிவிட்டது. இந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். "நான் எப்பக் கைய எடுத்தேன்னு கேக்குறியே, ரெண்டாம் நாளே எடுத்துட்டேன். ஆனா கூடவே ஓடியாந்தேன்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியாத விஷயம் இப்போதுதான் தெரிந்தது.

நம்ம கூட்டமைப்பு உறுப்பினர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த கூட்டத்தில் யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், எல்லோருக்கும் முன்னால் புத்தி சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "என்ன கணக்கு?" என்று கேளுங்கள். கணக்கு என்றால் பணம் மட்டும் இல்லை. புருஷன் குடியாக இருக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கலாம், பெண் பிள்ளை படிப்பாக இருக்கலாம். கேட்டதை எழுதுங்கள். அதில் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்றே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய அவளோடு இன்னொருத்தர் போங்கள். கஷ்டம் உங்களுக்கே வந்தால், இருட்டில் உட்காராமல் நோட்டை எடுத்துக்கொண்டு குழுவுக்கு வாங்க. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். தலைகீழாகச் சிலேட்டை நீட்டிய என் அம்மாவுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

சார்ட்டில் எழுதி ஒட்டியதும் இருக்கட்டும், கிழிக்க வேண்டாம். அதற்குப் பக்கத்தில் ஒரு நாப்பது பக்க நோட்டையும் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் குழுவில் தொங்குகிறது. வரும் மாசக் கூட்டத்துக்கு வந்தால் காட்டுகிறேன்.